"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது": இந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீங்க!



கோவில்பட்டி பஜார்ல எதை வாங்கினாலும் பில்லோட அடியில ஒரு வரியைப் பார்த்திருப்பீங்க: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது". அதைப் படிச்சதும் நம்மில் பலர் "சரி, போனது போச்சு"ன்னு விட்டுடுறோம். என்னைக் கேட்டா, அந்த வரி பாதிதான் உண்மை. எந்தப் பாதின்னு தெரியாமதான் சம்பளக் காசை இழக்கிறோம்.

பிடிக்கலைங்கிறது வேற, பழுதுங்கிறது வேற

வாங்கின சட்டையோட கலர் வீட்டுக்கு வந்ததும் பிடிக்கலை. இதுக்கு மாத்திக் கொடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லலை. கடைக்காரர் மாத்திக் கொடுத்தா அது அவரோட பெருந்தன்மை, இல்லைன்னா அந்தக் கடையோட பாலிசி. அவரும் கைக்காசு போட்டுத்தான் சரக்கு எடுத்திருக்கார். தீபாவளிக்கு உடுத்திட்டு மறுநாள் ரிட்டர்ன் பண்றதை உரிமைன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா வாங்கின மிக்ஸி ரெண்டாவது நாளே ஓடலைன்னா கதையே வேற. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) என்ன சொல்லுதுன்னா, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கிட்டுப் பணத்தைக் கொடுக்க மறுக்கிறது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லுல ஒரு கெடு போட்டிருந்தா அந்தக் கெடு, எதுவும் போடலைன்னா 30 நாள். போர்டுல என்ன எழுதியிருந்தாலும் சட்டத்தை அது மாத்தாது.

ஆன்லைன்லயும் இதேதான். 2020-ல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி பழுதான பொருள், போலிப் பொருள், விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள், சொன்ன தேதிக்கு மேல தாமதமா வந்த பொருள், இதை எல்லாம் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அதனால பார்சலைப் பிரிக்கும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்து வைங்க.

"பில் வேணாம்"னு மட்டும் சொல்லாதீங்க

ஒரு ஆடிட்டரா இங்கேதான் எனக்கு வருத்தம். ₹20,000 போனுக்கு 18% ஜிஎஸ்டி ₹3,600. "பில் இல்லாம எடுத்துக்கோங்க, இருபதுக்கே தர்றேன்"னு சொன்னா நமக்கு லாபம் மாதிரி தெரியும். ஆனா அந்த ₹3,600-க்காக ₹20,000-க்கான ஆதாரத்தை விட்டுக் கொடுக்கிறீங்க. நாளைக்கு போன் பழுதானா, அதை அந்தக் கடையிலதான் வாங்கினீங்கன்னு எப்படி நிரூபிப்பீங்க? பில் தராம இருக்கிறதும் அதே பிரிவுல நியாயமற்ற வணிக நடைமுறைதான். கேட்டு வாங்குங்க. தெர்மல் பேப்பர் பில் சில மாசத்துலயே வெளுத்துப் போகும், அன்னைக்கே போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.

அப்பாவோட விதைப் பில் எங்கே?

எப்போதும்வென்றான் மாதிரி கரிசல் ஊர்கள்ல இருந்து வேலைக்கு வந்தவங்களுக்கு முக்கியமா இதைச் சொல்லணும். நம்ம ₹2,000 ஹெட்செட் பழுதானா உடனே சண்டை போடுறோம். ஊர்ல அப்பா வாங்கின மக்காச்சோள விதையோ உளுந்து விதையோ முளைக்கலைன்னா "மழை சரியில்லை"ன்னு சொல்லிட்டுப் போயிடுறார். மானாவாரி நிலத்துல மழையை நம்பி விதைக்கிறவருக்குப் போனது விதைக் காசு மட்டும் இல்லை. உழவு, உரம், கூலி, அந்த வருஷத்து வெள்ளாமை எல்லாமே சேர்ந்து போச்சு. மண்ணுக்குள்ள போட்ட விதையை ரிட்டர்ன் பண்ணவும் முடியாது.

ஆனா இழப்பீடு கேட்கலாம். ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிரா நடத்தின வழக்குல, 2012 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான். பிழைப்புக்காக விதை வாங்கிப் பயிர் செய்யறது வணிக நோக்கம் ஆகாது. சோதனைக்குன்னு கொஞ்சம் விதையை எடுத்து வெச்சிருக்கணும்னு விவசாயிகிட்ட எதிர்பார்க்கவும் முடியாதுன்னு சொன்னது.

அதனால ஊருக்கு போன் பண்ணும்போது இதைச் சொல்லுங்க: விதைக்கடை பில், பாக்கெட், அதுல இருக்கிற லேபிள், லாட் நம்பர், எல்லாம் அறுவடை வரைக்கும் பத்திரமா இருக்கட்டும். முளைப்பு சரியில்லைன்னா, பயிரை அழிக்கிறதுக்கு முன்னாடி வட்டார வேளாண்மை அலுவலகத்துல எழுத்துல புகார் கொடுத்து, வயலை வந்து பார்க்கச் சொல்லுங்க. மழை பெய்யாம முளைக்கலையா, விதையே சரியில்லையான்னு பிரிச்சுக் காட்ட அந்த ஆய்வு அறிக்கைதான் கைகொடுக்கும்.

புகார் எங்கே, எவ்வளவு செலவு?

முதல்ல கடைக்கோ கம்பெனிக்கோ எழுத்துல கேளுங்க, மெயில் போதும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயும் போடலாம்.

விற்றவர் டெல்லியில இருந்தாலும் நீங்க அங்கே போக வேண்டாம். நீங்க குடியிருக்கிற ஊர்லயோ வேலை பார்க்கிற ஊர்லயோ புகார் போடலாம்னு 2019 சட்டம் சொல்லுது. எப்போதும்வென்றான்ல இருக்கிறவருக்குத் தூத்துக்குடி ஆணையம் போதும்.

இதுல அலைச்சலே இல்லைன்னு நான் சொல்லலை. வழக்குன்னு போனா மாசக்கணக்குல ஆகும், ₹300 செருப்புக்கு அது தேவையான்னு கேட்டா நியாயமான கேள்விதான். ஆனா ஒரு மெயில், ஒரு போன் கால் அளவுக்காவது போங்க. கேட்கிற ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் பில்லோட அடியில இருக்கிற அந்த வரி மாறும்.

எஸ்ஐபி போடுறது எவ்வளவு முக்கியமோ, கையை விட்டுப் போன காசைக் கேட்டு வாங்குறதும் அவ்வளவு முக்கியம். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணும்போது, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டதுக்கு அப்புறம், "விதை பில்லை எங்கப்பா வெச்சிருக்கீங்க"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.