முகூர்த்தமும் முன்பணமும்

தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துப் பிழைக்கும் தமிழன், தன் வாழ்நாளில் பெருந்தொகை ஒன்றை ஒருசேரக் கையில் காண்பது பெரும்பாலும் ஒருமுறையே. ஊழியர் சேமநிதியிலிருந்து 55-ஆம் வயதில் வரும் பணமே அத்தொகை. குலை வெட்டியும் பால் மரம் சீவியும் ஈட்டிய சம்பளத்தில் மாதந்தோறும் பிடிபட்டுச் சேர்ந்த பணம் அது. அப்பணம் எங்கே போகின்றது? கலியாணத்திற்கும் கடனுக்கும் போனது போக, மிஞ்சியது வீட்டிற்குப் போகின்றது. லயத்தை விட்டு வெளியேறித் தாமானில் வாங்கிய சிறு வீட்டிற்குப் பின்புறம் ஓர் அடுக்களை இழுக்க வேண்டும். குளியலறைக்குப் புதுத் தரையோடு பதிக்க வேண்டும். முன்புறம் ஒரு தகரக் கொட்டகை போட வேண்டும். இவை நியாயமான ஆசைகளே. பிறர் கட்டிய லயத்தில் பிறந்து வளர்ந்தவன், தன் பெயரிலுள்ள சுவரைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள விரும்புவதை எவர் குறை கூறுவர்? அந்த ஆசையையும் அதற்குரிய பணத்தையும் ஒரு துண்டுக் காகிதமுமின்றி ஒரு கண்டிராக்டர் கையில் ஒப்படைத்துவிட்டு வரும் வழக்கத்தையே யான் கண்டிக்க வந்தேன்.

எவ்வாறு நடக்கின்றது இவ்வியாபாரம்? கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டுப் பந்தியிலோ, “நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், கைராசிக்காரர், மலிவாய் முடித்துக் கொடுப்பார்” என்று ஒருவர் சொல்லுவார். மறுநாள் அந்த நம்ம ஆள் வருவார். காலால் அடிவைத்து அளப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், “அண்ணே, நமக்குள்ளே என்ன எழுத்து? 28,000 வெள்ளி கொடுங்கள், ஒன்றரை மாதத்தில் சாவியைக் கையில் கொடுக்கிறேன்” என்பார். ‘அண்ணே’ என்ற ஒரு சொல்லில் நம்மவர் உருகிப் போவார். பாதிப்பணம் அன்றே கைமாறும். முதல் வாரத்தில் நான்கு ஆட்கள் வந்து பழைய அடுக்களையை இடித்துத் தள்ளுவார்கள். இடிப்பதில் இவர்கள் காட்டும் சுறுசுறுப்பு வியக்கத்தக்கது! இடித்துவிட்டால் வீட்டுக்காரர் எங்கும் ஓட முடியாதன்றோ? இரண்டாம் வாரத்தில் மணல் வரும், ஆள் வரமாட்டார். மூன்றாம் வாரத்தில் மழை. நான்காம் வாரத்தில் கண்டிராக்டரின் மாமியாருக்கு நோய். (இந்நாட்டுக் கண்டிராக்டர்களின் மாமியார்கள் அனுபவிக்கும் நோய்களையெல்லாம் திரட்டினால் வைத்திய நூலொன்று எழுதலாம்.) அதன்பின் கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் குறிகள் தோன்றும், மறுமொழி தோன்றாது. வீட்டு அம்மாள் கொட்டகையில் கல்லடுப்புக் கூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்.

இவர்களில் எல்லாரும் பிறவித் திருடர் என்று யான் சொல்லவில்லை. நடப்பதை உள்ளே புகுந்து பார்த்தால் வேறொன்று தெரியும். உமது முன்பணம் உமது வீட்டில் செலவாவதில்லை. அது உமக்கு முன்னே பணம் கொடுத்து ஏமாந்து நிற்பவரின் வீட்டு வேலையை முடிக்கப் போகின்றது. அல்லது கடைக்காரரிடம் பழைய சிமெந்துக் கடனைத் தீர்க்கப் போகின்றது. உமது வீடு எழும்ப வேண்டுமாயின் உமக்குப் பின் இன்னொருவர் வந்து முன்பணம் கொடுக்க வேண்டும். ஒருவர் குழியை மூட இன்னொருவர் வாசலில் குழி தோண்டும் தொழில் இது. புது ஆள் வரும்வரை ஓடும். வராத மாதத்தில் கண்டிராக்டர் தொலைபேசியை அணைத்துவிடுவார். அன்றைக்கு அகப்பட்டவர் யாரோ, அவர் பணம் போயிற்று. அவ்வீட்டில் செங்கல் சுமந்த இந்தோனேசியத் தொழிலாளியும் வங்காளத் தொழிலாளியும் கூலியின்றி நிற்பதை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்க்கிறோம்?

நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த வரலாற்றில் முன்பணத்திற்கு ஒரு தனியிடமுண்டு. ஆரம்பக் காலத்தில் கங்காணி ஊருக்குப் போவார். உற்றாரையும் ஊராரையும் இனிய சொற்களால் கூட்டுவார். வழிச்செலவென்றும் வீட்டுக் கடனென்றும் முன்பணம் கொடுப்பார். வாங்கியவர் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடப்பார். 1938-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபோது அவ்வாறு ஆள் கொண்டுவருதல் நின்றது. அன்று முன்பணம் வாங்கியவன் அடிமைப்பட்டான். இன்றோ, முன்பணம் கொடுத்தவன் அடிமைப்படுகிறான்! அதே உறவு முறை, அதே ஊர்ப்பேச்சு, அதே ‘நமக்குள்ளே என்ன எழுத்து’. பாட்டனைப் பிடித்த சொற்களே பேரனையும் பிடிக்கின்றன. பணம் போகும் திசைதான் மாறியிருக்கின்றது.

இதனினும் பெரிய பேதைமை ஒன்றுண்டு. வேலை தொடங்குமுன்னரே புதுமனை புகுவிழாவிற்கு நாள் குறிப்பதே அது. சோதிடர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் தை மாதத்தில் ஒரு நாளைச் சொல்லுவார். அந்த வாரமே அழைப்பிதழ் அச்சுக்குப் போகும். பந்தலுக்கும் சமையலுக்கும் அச்சாரம் கொடுத்தாகிவிடும். கண்டிராக்டருக்கும் ஓர் அழைப்பிதழ், வெற்றிலை பாக்குடன்! அவ்வழைப்பிதழ் அவர் கைக்குப் போன கணத்திலே வீட்டுக்காரர் பேரம் பேசும் வலிமை முழுவதையும் இழந்துவிடுகிறார். விழாவிற்குப் பத்து நாள் இருக்கும்போது கண்டிராக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வருவார்: “அண்ணே, இரும்பு விலை ஏறிப்போயிற்று, இன்னும் 6,000 இருந்தால்தான் நாளைக்கு ஆள் இறக்க முடியும்.” என்ன செய்வார் இவர்? சம்பந்தி வீட்டிற்கும் சொல்லியாகிவிட்டது. மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகின்றது.

பணம் மட்டுமா கெடுகின்றது? வேலையும் கெடுகின்றது. சிமெந்திற்குப் பஞ்சாங்கம் தெரியாது. கலவை கொட்டிய தளத்தை ஏழு நாளாயினும் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அதன் முழுவலிமையைக் கணக்கிட 28 நாள் என்பதே பொறியியலார் கொண்ட அளவு. விழாவிற்கு மூன்று நாள் முன்னே கொட்டிய தளத்தின்மேல் பால் பொங்குகின்றது. வந்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக் காலத்தில் பழைய சுவரும் புதுச் சுவரும் சந்திக்குமிடத்தில் விரல் நுழையும் அளவு பிளவு காணுகின்றது. மண் நிரப்பிய நிலத்தில் ஆழமற்ற அடித்தளமிட்டுப் புதுக்கட்டடத்தைப் பழைய வீட்டோடு ஒட்டவைத்தால், பழையது நிற்கும், புதியது இறங்கும். இடையில் பிளவுதான் மிஞ்சும். அப்போது கண்டிராக்டர் சொல்லுவது யாது? “வீட்டுக்குத் திருஷ்டி பட்டிருக்கிறது, அண்ணே, ஒரு பூசணிக்காய் உடையுங்கள்.” நாளே பார்க்கலாகாது என்று வாதாட யான் இங்கு வரவில்லை, அது வேறு வழக்கு. வேலை முடிந்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, கணக்குத் தீர்த்து, அதன்பின் சோதிடரிடம் போக எந்தச் சாத்திரம் தடுக்கின்றது?

யான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவன். பிரட்டில் பெயர் தவறினால் அன்றே வந்து கேட்கும் ஜனங்களை அறிவேன். ஒரு நாள் எண்ணிக்கையில் மூன்று குலை குறைந்தால், “கிராணி ஐயா, என் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்” என்று மேசை முன் நின்று நியாயம் கேட்கும் அதே தோழர், 14,000 வெள்ளியை ரசீதின்றிக் கொடுத்துவிட்டு வருகிறாரே, இது என்ன விந்தை! துரைத்தனத்தாரிடம் எழுத்துக் கேட்பது உரிமை. நம்மவரிடம் எழுத்துக் கேட்பது அவமதிப்பு என்று எவர் கற்பித்தனர்? எழுதி வைக்கத் தெரியாமல் ஏமாந்த காலம் போயிற்று. எழுத வெட்கப்பட்டு ஏமாறும் காலம் இது.

பெரிய வீடமைப்புக் கம்பெனிகளிடம் நாம் வீடு வாங்கும்போது சட்டம் நமக்காக எழுதி வைத்திருப்பதைப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் தரை வீட்டிற்கு வகுக்கப்பட்ட ஒப்பந்தப் பத்திரத்தில், அடித்தளம், சுவர், கூரை என்று வேலை எந்தப்படியில் நிற்கின்றதோ அந்தப்படிக்கே பணம். சாவி கொடுத்த பின்னும் நூற்றுக்கு ஐந்து பங்கு வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்படும்; பாதியை 8 மாதம் கழித்தும் மீதியை 24 மாதம் கழித்துமே கம்பெனி பெறும். அந்த 24 மாதத்தில் தோன்றும் பழுதை அவர்களே சரிசெய்ய வேண்டும். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனியைக்கூடச் சட்டம் இவ்வளவு நம்ப மறுக்கின்றது. நாமோ, முன்தினம் பந்தியில் அறிமுகமானவரை முழுதும் நம்புகிறோம்.

“பதிவுப் பத்திரம் காட்டினாரே!” என்பார் சிலர். எந்தப் பதிவு? வியாபாரப் பெயரை எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி போதும். கொத்துவேலை தெரியுமா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. வீடு கட்டவும் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் குத்தகை எடுப்பவர் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில், அதாவது சி.ஐ.டி.பி.யில், பதிந்திருக்க வேண்டும். அப்பதிவேட்டைக் கணினி வழியே எவரும் பார்க்கலாம். மின்கம்பி இழுப்பவர் எரிசக்தி ஆணையத்தின் பதிவுடையவராய் இருத்தல் வேண்டும். பின்கட்டு இழுக்க நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் நோட்டீசு முதலில் வந்து சேருவது வீட்டுக்காரர் வாசலுக்கே. “அதெல்லாம் யான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னவரை அன்றைக்குத் தேடினாலும் காணமாட்டீர்.

ஏமாந்தபின் வழியே இல்லையா? உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் ஒன்று இருக்கின்றது. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை, மூன்றாண்டிற்குள், 5 வெள்ளி கட்டணத்தில் அங்கே போடலாம். வக்கீல்கள் அங்கே வாதாடுவதற்கில்லை. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாமை குற்றமாகும். சிங்கப்பூர்த் தோழர்களுக்கும் இவ்வாறே சிறு கோரிக்கை மன்றம் உண்டு, 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் இசைந்தால் 30,000 வரை, தவணை இரண்டாண்டு. அங்கே வீவக வீட்டில் வேலை செய்வோர் கழகத்தின் குத்தகையாளர் பட்டியலில் இருத்தலும் வேண்டும். ஆனால் எந்த மன்றத்தார்க்கும் முதற்கேள்வி ஒன்றே: பேசியது என்ன, கொடுத்தது எவ்வளவு, எங்கே எழுத்து?

கண்டிராக்டர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. ஒழுங்காய் வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் நியாயமான விலை சொன்னால், “மற்றவன் பாதிக்குச் செய்கிறானே” என்று அவரைத் துரத்துவது நாமே. பாதி விலையில் முழு வேலை எங்ஙனம் வரும்? கலவையில் மணல் ஏறும், சிமெந்து இறங்கும். வேலை நடக்கும்போது, “வந்தது வந்தீர்கள், இந்தச் சன்னலையும் அப்படியே பெரிதாக்கிவிடுங்கள்” என்று இழுப்பதும், முடிந்தபின் அதற்குக் கூலி தர மறுப்பதும் நம் வீட்டு வழக்கமே. நாணயமான தச்சரையும் கொத்தனாரையும் இவ்வாறு பட்டினி போட்டுவிட்டு, வாய்வீச்சுக்காரரை நாம்தாம் வளர்க்கிறோம். எழுத்து வந்தால் அவர்களுக்கும் அது காவலாகும்.

எழுத்தென்றால் வக்கீல் பத்திரம் வேண்டுமென்பதில்லை. ஒரு தாளில் வேலையின் அளவு, பொருளின் பெயரும் தரமும், மொத்தத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுக. முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட வேண்டா. மீதியை வேலை ஏறும் படிக்கேற்பக் கொடுத்து, இறுதியில் பத்தில் ஒரு பங்கை மூன்று மாதம் நிறுத்தி வைக்க. பணம் வியாபாரப் பெயரிலுள்ள பாங்குக் கணக்கிற்கே போகட்டும். மனைவி பெயருக்கும் மைத்துனர் பெயருக்கும் வேண்டா. குளியலறையில் நீர்த்தடுப்புப் பூசியதும், தரையோடு பதிக்குமுன், வாய்க்காலை அடைத்து ஒரு நாள் முழுதும் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுக. பதித்தபின் கசிவு கண்டால், பதித்த அத்தனையும் உடைத்தே தீர வேண்டும். எழுதச் சொன்னதும் முகம் சுளித்து எழுந்து போகும் கண்டிராக்டர் எழுந்தே போகட்டும். அவர் போனதால் மிஞ்சிய தொகையைக் கணக்கிட்டு மகிழுக.

இனி என் வகுப்பாராகிய கிராணிமாருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்த நாம், நடுவர் மன்றப் படிவத்தைக் கொண்டுவரும் முதியவரை, “யான் வேலையாய் இருக்கிறேன், பிறகு வாரும்” என்று எத்தனைமுறை திருப்பி அனுப்பியிருப்போம்? கோயில் மண்டபங்களில் திருவிழாக் கூட்டம் நடக்கும் நாளன்றி மற்ற மாலைகளில் விளக்கே எரிவதில்லை. மாதம் ஒரு மாலை அங்கே மேசை போட்டு உட்கார்ந்து, வீட்டு வேலை தொடங்குவோர்க்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்போம். எங்கள் தோட்டத்தில் யான் தொடங்க இசைந்திருக்கிறேன். தாளும் வீட்டின் அளவும் கொண்டுவந்தால் போதும், கூலி வேண்டா. கண்டிராக்டரையும் உடன் அழைத்து வருக.