வைக்கோலுக்கு ஒரு விலை

ஐப்பசி பிறந்தால் பஞ்சாபில் வயல்கள் எரிகின்றன. அறுவடை யந்திரம் நெல்லை எடுத்துக்கொண்டு தாளை வயலிலேயே விட்டுப் போகிறது. கோதுமை விதைக்கவோ இரண்டு மூன்று வாரமே அவகாசம். குடியானவர் தீக்குச்சியைக் கிழிக்கிறார், தில்லிவாசிகள் இருமுகிறார்கள். அவரை வைது பயன் என்ன? வாங்குவார் இருந்தால் அவர் ஏன் கொளுத்துகிறார்? (நம் பக்கத்து வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அதன்மேல் நாம் கை வைக்கச் சொல்லவில்லை.)

அந்தத் தாள் வீட்டுப் பலகையாகக் கூடியது. லூயிஸியானாவில் ‘ஸெலோடெக்ஸ்’ கம்பெனியார் 1920-களிலேயே கரும்புச் சக்கையைச் சுவர்ப் பலகையாக்கி விற்றார்கள்.

நெல் வைக்கோலில் தொல்லை உண்டு என்பது மெய்தான். அதன்மீது இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால், மரத்தூள் பலகைக்கு இடும் யூரியாப் பசை அதில் சரியாகப் பற்றுவதில்லை. ‘ஐஸோஸயனேட்’ என்னும் விலையுயர்ந்த பசை வேண்டும். அதிலுள்ள மணற்சத்து யந்திரக் கத்திகளையும் தேய்த்துவிடும். இவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம். பெரிய சங்கடம், வருஷம் முழுவதற்கும் வேண்டிய சரக்கைச் சில வாரங்களுக்குள் கட்டி ஏற்றி, நனையாமல் காப்பதே. கலிபோர்னியாவில் நெல் வைக்கோற் பலகைக்கென்றே எழுந்த பெரிய ஆலை ஒன்று 2021-இல் கடன் தாளாது திவாலாயிற்று.

ஆகையால் ஆலைக்கு மானியம் அளிப்பதோடு சர்க்கார் நின்றுவிடலாகாது. கிராமந்தோறும் கட்டும் யந்திரமும் கொட்டகையும் வேண்டும். கட்டுக்கு இன்ன விலை என்பதை நடவுக்கு முன்பே குடியானவருக்குச் சொல்லிவிடவும் வேண்டும்.