காவல் நாய்க்குக் காப்பீடு தேவைதானா?

நாய்க்கும் இன்ஷூரன்ஸ் உண்டு என்ற சேதி நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்க்கும் விவசாயிகள் சிலர், "மாட்டுக்குக் கட்டுகிறோமே, நாய்க்கும் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். முன்பே கட்டியவர்களோ, "ஆண்டுக்கு ஆண்டு பிரிமியம் ஏறுகிறதே, என்ன செய்வது?" என்கிறார்கள். சிறு விவசாயியின் காவல் நாய்க்குக் காப்பீடு தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

பிரிமியம் ஏறுவதற்குக் காரணம் உண்டு. இது ஓராண்டு ஒப்பந்தம்; ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கம்பெனி கணக்கை மறுபடி போடும். நாய்க்கு வயது கூடினால் நோயும் கூடும், கட்டணமும் கூடும். இன்று நாய்க்கும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் வந்துவிட்டன. அந்தச் செலவெல்லாம் பிரிமியத்தில்தான் வந்து விழுகிறது. மேலும், இந்தப் பாலிசி எடுப்போரில் பெரும்பாலோர் நகரத்தில் உயர்ந்த விலைக்கு நாய் வாங்கி வளர்ப்பவர்கள். அவர்களுடைய மருத்துவச் செலவுக்கு ஏற்பப் போட்ட கட்டணத்தைத் தோட்டத்து நாய்க்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ஏறவே இல்லை என்றாலும் ஐந்து ஆண்டில் 15,000 ரூபாய் ஆகிறது. நாய் இறந்தால் கம்பெனி தருவது பாலிசியில் எழுதிய மதிப்புக்கு மேல் போகாது. பக்கத்துத் தோட்டத்தில் குட்டியாக வாங்கி வந்த நாட்டு நாய்க்கு என்ன மதிப்பு எழுதுவார்கள்? தடுப்பூசி, குடற்புழு நீக்கம், பேறுகாலம் ஆகியவற்றின் செலவைப் பொதுவாகத் தருவதில்லை. தடுப்பூசி போடாத நாய்க்கு, அந்த ஊசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் வந்தாலும் பணம் கிடைப்பது அரிது. ஆக, காப்பீடு எடுத்தாலும் ஊசிச் செலவு நம்முடையதே.

கறவை மாட்டின் கதை வேறு. ஒரு மாடு போனால் பால் பணம் அன்றே நின்றுவிடும். வங்கிக் கடன் மட்டும் நிற்காது. அப்படிக் குடும்பத்தையே சாய்க்கும் இழப்புக்குத்தான் காப்பீடு. அதற்கு அரசு உதவியும் இருக்கிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, பிரிமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. வெள்ளாடு, செம்மறியாடும் இதில் சேரும். உங்கள் பகுதியில் சேர்க்கை எப்போது என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கிடையாது.

நாய்க்குச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது வெறிநோய்த் தடுப்பூசி. மூன்றாம் மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. குறி தோன்றிய பின் இந்த நோய்க்கு மருந்தில்லை, நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி. பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். அந்த நாளையொட்டியும், செப்டம்பர் 28-ஐ ஒட்டியும் கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடத்துவது வழக்கம். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ ரத்தக் கழிச்சலுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஊசி தொடங்கி, நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.

அடுத்தது குடற்புழு. இதை நம்மவர்கள் நாயின் சங்கதி என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது ஆட்டின் சங்கதி. பட்டியில் ஓர் ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மூளையில் வளரும் நீர்க்கட்டி. நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டை சாணத்தோடு புல்லில் விழுகிறது. அதை மேயும் ஆட்டுக்குக் கட்டி வருகிறது. அந்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் புழு மறுபடி நாய்க்கே வந்து சேரும். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு புழு, மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியை உண்டாக்கும். நாயைக் கொஞ்சிய கையைக் கழுவாமல் சோறு தின்னும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எனவே அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலை எதையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். நன்கு வேகவைத்துப் போடலாம். இல்லாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாயின் எடையைச் சொல்லி, பிராசிகுவாண்டல் சேர்ந்த மாத்திரையாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். உருண்டைப் புழுவுக்கு மட்டுமான மருந்து நாடாப்புழுவை அசைக்காது.

உண்ணிக்கும் டாக்டர் சொல்லும் மருந்தையே வாங்க வேண்டும். பருத்திக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலக்கி நாயைக் குளிப்பாட்டுவது சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. உண்ணிக்கு முன்னால் நாய் செத்துவிடும். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால், வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடித்து அவசர அறுவைக்கு ஓட வேண்டியிராது.

இதற்கெல்லாம் போக மீதியைத் தபால் நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாதச் சேமிப்பாகப் போட்டு வாருங்கள். பாம்பு கடித்தாலும் வண்டி மோதினாலும் அந்தப் பணம் கைகொடுக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் பணம் உங்களுடையது.

முன்பே பாலிசி எடுத்தவர்கள் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். நாய்க்கு ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தால், விட்டுவிட்டுப் பிறகு சேரும்போது அந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். முதலில் ஒரு தொகை வரை நாமே ஏற்பதாகச் சொன்னால் பிரிமியம் குறையுமா என்றும், விபத்துக்கு மட்டும் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். விற்பனைக்கென்று அசல் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை வளர்ப்பவருக்கு நாயே முதலீடு. அவர் காப்பீடு எடுப்பதில் நியாயம் உண்டு. தோட்டம் சாலையோரம் இருந்து ஆள் நடமாட்டம் மிகுந்தால், நாய் பிறரைக் கடித்து வரும் நஷ்டஈட்டுக்கான பாதுகாப்பை மட்டும் நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் எல்லோரும் கேட்பது அதைத்தான். அட்டை இருந்தாலும், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம்.