முத்துக் குளித்த கதை

சென்னைப் பட்டணத்தில் ஓர் உணவு விடுதிக்குச் சென்ற வாரம் போய் வந்தோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. புகழ்ந்து சொன்னால் விளம்பரமாகும். இகழ்ந்து சொன்னால் இன்னும் பெரிய விளம்பரமாகும்.

ஆசியாக் கண்டம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ்ச் சமைத்துப் போடுவதாக அந்த விடுதியார் பறை சாற்றியிருந்தார்கள். ஜப்பான், சீனா, கொரியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து தேசங்களையும் கப்பல் ஏறாமலே ஒரு மாலைப் பொழுதில் சுற்றி வரலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை பிறக்காது? நண்பர் ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்பே மேஜைக்குச் சொல்லி வைத்து, நம்மையும் உடன் அழைத்துக் கொண்டு போனார்.

உள்ளே ஒரே இருட்டு. பதார்த்தங்களின் பெயர்ப் பட்டியலைப் படிக்க முடியவில்லை. விலையைப் பார்த்த பிறகுதான் விளக்கைத் தணித்து வைத்ததன் காரணம் விளங்கிற்று. ஆவியில் வெந்த கொழுக்கட்டை நான்கு வந்தன. பூரணத்துக்குப் பதிலாக உள்ளே காளான் இருந்தது. பிறகு ஒரு குழம்பு வந்தது. அதில் தேங்காய்ப் பாலும் இஞ்சியும் புளியும் மிளகாயும் கலந்திருந்தன. ருசியில் குறை சொல்வதற்கில்லை. சமைத்தவர் கைகாரர்தான். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் மனத்தை அரித்துக் கொண்டே இருந்தது. ஆசியாவின் பட்டியலில் பாரத தேசத்தைக் காணோமே, நம்மை எப்போது கண்டத்திலிருந்து தள்ளி வைத்தார்கள்?

கடைசியாக, உயரமான கண்ணாடித் தம்ளரில் பால் கலந்த தேநீர் வந்தது. அடியில் கரு நிறத்தில் உருண்டைகள் மிதந்தும் மிதவாமலும் கிடந்தன. "தைவான் தேசத்து முத்துக்கள், ஸார்! வெளிநாட்டிலிருந்து தருவித்தவை" என்றார் பரிமாறியவர். விலை 350 ரூபாய். பருமனான குழாயால் உறிஞ்சினோம். முத்து ஒன்று வாய்க்குள் வந்து வழுக்கிற்று. மென்று பார்த்தோம். எங்கேயோ பழகிய முகம் போல் இருந்தது. நண்பர் மெதுவாக நம் காதில், "ஐயா, இது மரவள்ளிக் கிழங்கு மாவு. நம் வீட்டு ஜவ்வரிசிக்கு ஒன்றுவிட்ட தம்பி" என்றார்.

விசாரித்ததில் அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்று தெரிந்தது. மரவள்ளி மாவில் பழுப்புச் சர்க்கரைப் பாகை ஊற்றிப் பிசைந்து உருட்டி வேக வைத்தால் அந்த முத்து தயார். இந்தத் தேநீர் 1980-களில் தைவானில் பிறந்தது. அங்கே இரண்டு கடைக்காரர்கள் 'நான்தான் முதலில் போட்டேன்' என்று நீண்ட காலம் வழக்காடினார்கள். இந்தப் பானத்தை யார் வேண்டுமானாலும் போடலாம், முதலில் போட்டவர் யார் என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று 2019-ல் முடிவாயிற்று. நமக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. கிழங்கை விளைவித்தவன் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் நம் குறை.

இரண்டு நாள் கழித்து வேறொரு காரியமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போக நேர்ந்தது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர் அது. ஆனால் தேசம் முழுவதும் அதன் பெயரை அறிந்தது 2024 ஜூன் மாதத்தில்தான். விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போன அந்தக் கொடுமையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயிரைக் குடித்தது மெத்தனால் என்னும் ஆலைச் சரக்கு. ஆயினும் பழி என்னவோ பக்கத்திலுள்ள கல்வராயன் மலை மேலும் விழுந்தது. மலையென்றாலே சாராய ஊறல் என்று பேசுவது பலருக்கு வழக்கமாய்ப் போயிற்று. அடுத்த மாதமே சென்னை உயர்நீதி மன்றம் தானாக முன்வந்து அம்மலை மக்களின் வாழ்க்கை நிலையை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது.

அந்த மலையைப் பார்த்துவிட்டு வரலாமென்று புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை வரும். வழி நெடுகச் சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் ஏதோ பயிர் நின்றது. இலைகள் விரித்த கை விரல்களைப் போல் இருந்தன. வேறென்ன? மரவள்ளிதான்! சென்னையில் தம்ளருக்கு அடியில் கண்ட முத்தின் தாய் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டோம். அந்த முத்து இந்த மலையிலிருந்து போனது என்று நாம் சொல்லவில்லை. கடல் கடந்து வந்ததாகத்தான் விடுதியார் சொன்னார்கள். இங்கே இத்தனை கிழங்கு விளைந்து கிடக்க, அங்கிருந்து தருவிப்பானேன் என்பதே நம் கேள்வி.

ஒரு குடிசை வாசலில் மூதாட்டி ஒருவர் கிழங்கை வேக வைத்துக் கொண்டிருந்தார். களைத்து வந்தவர்களைக் கண்டதும் இலையில் இரண்டு துண்டு வைத்து, மிளகாயும் உப்பும் அரைத்த துவையலையும் தொட்டுக் கொள்ளக் கொடுத்தார். "என்ன விலை, பாட்டி?" என்றோம். "திங்கறதுக்குப் போயி யாராச்சும் காசு வாங்குவாங்களா ஐயா? விக்கற கெழங்குக்கே வெல இல்ல" என்றார் அவர்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. மரவள்ளி பிரேஸில் தேசத்துச் சரக்கு. போர்த்துகீசியர் கொண்டு வந்தது. ஜாவாவிலிருந்து வந்த அரிசியே ஜவ்வரிசி என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கீழைக் கடல் தீவுகளில் ஒரு வகைப் பனையின் சோற்றிலிருந்து செய்து அனுப்பினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து நின்றது. அப்போது சேலத்து மாணிக்கம் செட்டியார் என்னும் வியாபாரி, பினாங்கிலிருந்து வந்த ஒருவரிடம் விஷயத்தைத் தெரிந்து கொண்டு, 1943-ஆம் ஆண்டு வாக்கில் மரவள்ளி மாவிலிருந்தே ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். இன்று வட நாட்டார் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதமிருந்து உண்பது அந்த ஜவ்வரிசியைத்தான். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே, ஆசியா நம் அடுக்களைக்குள் நுழைந்து வெகு காலமாயிற்று. அயல் நாட்டுச் சரக்கை வெறுப்பது நம் நோக்கமன்று. நம்மிடம் வந்து சேர்ந்ததை நம் உழைப்பால் நம்முடையதாக ஆக்கிக் கொள்வதும் சுதேசியம்தான்.

ஆனால் உழைத்தவனுக்கு என்ன கிடைக்கிறது? மரவள்ளி மண்ணுக்குள் எட்டு, பத்து மாதம் பொறுமையாக இருக்கும். பிடுங்கிவிட்டாலோ இரண்டு மூன்று நாளில் கெட்டுப் போகும். கிழங்கைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிய குடியானவன் அதைத் திருப்பிக் கொண்டு போக முடியாது. சேகோ ஆலை சொன்ன விலைதான் விலை. அதுவும் மாவுச் சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று அளந்து போடும் விலை. அந்த அளவைக் கருவி குடியானவன் கையில் இல்லை. கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கிய வருஷங்கள் உண்டு. 1981-ல் சேலத்தில் ஏற்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம், உற்பத்தியாளர்கள் ஜவ்வரிசியையும் மாவையும் நல்ல விலைக்கு விற்கத் துணை செய்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் அதில் அங்கத்தினர்கள் ஆலைக்காரர்களே; கிழங்கு விளைவிப்பவர்கள் அல்லர்.

இதற்குப் பரிகாரம் ராக்கெட் சாஸ்திரம் அல்ல. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, மாவைத் தெளிய வைத்து உலர்த்தினால் போதும். கெட்டுப் போகும் கிழங்கு, மாதக்கணக்கில் கெடாத மாவாகிவிடும். இதைச் செய்யும் சிறு கூடங்கள் மலைக் கிராமங்களிலேயே கூட்டுறவு முறையில் ஏற்பட்டு, அளவைக் கருவியும் மலையவர் கையிலேயே இருந்தால், விலை சரியில்லாதபோது 'இன்றைக்கு விற்கவில்லை' என்று சொல்லும் தைரியம் அவர்களுக்கு உண்டாகும். நேர்மையான விளைச்சலுக்கு நேர்மையான விலை கிடைக்கும் மலையில், அடுப்பின் மேல் வேறு எதையும் ஏற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இராது. ஆயிரம் போலீஸார் மலையேறிச் செய்ய முடியாததை ஒரு தராசு செய்துவிடக் கூடும்.

பட்டணத்து விடுதியில் பணம் கொடுத்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பினோம். கல்வராயன் மலையில் பணம் கொடுக்காமல் வயிறு நிறைந்து திரும்பினோம். கணக்கு இன்னும் நேராகவில்லை. அந்தப் பாட்டிக்கு நாம் பட்ட கடன் அப்படியே இருக்கிறது.