நிறம் பார்க்கவில்லை என்கிறவர்களிடம் கணக்குக் கேட்போம்

'நாங்க நிறம் பாக்குறதில்ல, குற்றத்தத்தான் பாக்குறோம்.' சாலையில் கறுப்பர்களின் காரை மட்டும் ஏன் அய்யா இத்தனை முறை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், அமெரிக்கப் போலீஸ் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவரும் பதில் இது. நமக்குப் பழகிய பதில்தான். 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா' என்பதை இங்கிலீஷில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். இதைக் கோபத்தால் மட்டும் உடைக்க முடியாது. கணக்குப் போட்டு உடைக்கலாம். அங்கே உடைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சி டர்ன்பைக் என்றொரு சுங்க நெடுஞ்சாலை. அதன் தென்பகுதியில் போலீஸ் நிறுத்திய வண்டிகளில் ஏறக்குறைய 35 சதவீதம் கறுப்பர்களுடையவை. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. தினமும் பேரேட்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் பங்கு பேசக் கூடாது. எந்த மொத்தம்? மக்கள்தொகைக் கணக்கு உதவாது. ஊரில் குடியிருப்பவர்கள் எல்லாம் அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவதில்லை.

ஜான் லாம்பர்த் என்ற உளவியல் பேராசிரியர் 1993-இல் இதற்கு ஒரு வழி கண்டார். சாலையோரம் ஆட்களை உட்காரவைத்து, போகிற கார்களில் இருப்பவர்கள் யார் என்று எண்ணச் சொன்னார். 42,000-க்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் கறுப்பர் இருந்தவை 13.5 சதவீதம். 'கறுப்பன்தான் வேகமா ஓட்டுவான்' என்று அடுத்த வாதம் வரும் என்பது அவருக்குத் தெரியும். வேக வரம்பு மணிக்கு 55 மைல். ஒரு காரை 60 மைலில் சீராக ஓட்டவைத்து, அதைத் தாண்டிப் போனவர்களையெல்லாம் குறித்துக்கொண்டார். கிட்டத்தட்ட 98 சதவீதம் பேர் வரம்பை மீறினார்கள். வெள்ளையர், கறுப்பர் எல்லாரும்தான்.

இந்த 98-ஐக் கொஞ்சம் யோசியுங்கள். எல்லாரும் சட்டத்தை மீறும் சாலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், சட்டப்படியே நிறுத்தலாம். ஆக, பிடிபட்டவனைத் தேர்ந்தெடுத்தது சட்டம் அல்ல, போலீஸ்காரனின் கண். 1996-இல் நீதிபதி ராபர்ட் பிரான்சிஸ் இந்தக் கணக்கை ஏற்றுத் தீர்ப்பளித்தார். கொடுமை என்னவென்றால் அதே 1996-இல்தான், போக்குவரத்து விதி மீறப்பட்டிருந்தால் போதும், நிறுத்தியவரின் உள்நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை என்று 'ரென்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைகழுவியது.

ரோட்டு வாதம் தோற்றதும் அடுத்த வாதம் வந்தது. 'சரி, ஆனா போதைப்பொருள் அவங்ககிட்டதானே கிடைக்குது?' இதற்கு மேரிலாந்து பதில் சொன்னது. 1992-இல் ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் தாத்தாவின் சாவுக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். போலீஸ் நிறுத்தியது. சோதனைக்குச் சம்மதிக்க மறுத்ததும் மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. மழையில் நிற்கவைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கின் உடன்பாட்டால், இனிச் சோதிப்பவர்களின் இனத்தைப் போலீஸ் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. (அவர் பிற்பாடு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார் என்பது தனிக்கதை.) 1995 ஜனவரியிலிருந்து 1996 செப்டம்பர் வரை பால்டிமோருக்கு வடக்கே அய்-95 நெடுஞ்சாலையில் 823 பேரைச் சோதித்திருந்தார்கள். அதில் 600 பேர் கறுப்பர்கள். சாலையில் வண்டி ஓட்டுவோரில் அவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. சரி, கிடைத்தது என்ன? மேரிலாந்தில் சோதிக்கப்பட்ட கறுப்பர்களில் 28.4 சதவீதம் பேரிடமும், வெள்ளையர்களில் 28.8 சதவீதம் பேரிடமும் சரக்கு கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். எங்கே தோண்டினார்களோ அங்கே கிடைத்தது. தோண்டாத இடத்தில் இருந்தது அப்படியே வீடு போய்ச் சேர்ந்தது. அப்புறம் சிறையில் இருக்கிற தலைகளை எண்ணிக் காட்டி, 'பாத்தீங்களா, இவங்கதான்' என்கிறார்கள்.

சாலையோரம் ஆள் உட்காரவைக்காமலும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கவிதை எழுதுகிறவனுக்கு அதில் தனிப் பிரியம். சாயங்காலம் ஏழு மணி என்று வையுங்கள். கோடையில் அந்நேரம் வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. அதே மணி, அதே சாலை. இருட்டில் ஓட்டுபவரின் நிறம் போலீசுக்குத் தெரிவது கடினம். இருட்டியதும் நிறுத்தப்படுவோரில் கறுப்பர்களின் பங்கு குறைந்தால், பகலில் அந்தக் கண் எதைப் பார்த்தது? க்ரோகர், ரிட்ஜ்வே என்ற இருவர் 2006-இல் ஓக்லாண்ட் நகருக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் அகப்படவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் பல மாநிலங்களின் ஏறக்குறைய பத்துக் கோடிப் பதிவுகளைத் திரட்டி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டியதும் கறுப்பர் பங்கு குறைந்தது. தெருவிளக்குகள் இருந்தும் குறைந்தது.

கணக்குக் கேட்டால் கணக்கையே திருத்துவார்கள். கறுப்பின ஓட்டுநர்களை வெள்ளையர் என்று பொய்யாகப் பதிந்ததாக 1999-இல் நியூ ஜெர்சிப் போலீஸ்காரர் இருவர் மீது குற்றச்சாட்டு வந்தது. 2023-இல் கனெக்டிகட் மாநிலப் போலீசின் அபராதச் சீட்டுகளைத் தணிக்கை செய்தவர்கள், ஏறத்தாழ 26,000 சீட்டுகள் பொய்யாக இருக்கக்கூடும், வெள்ளையர் எண்ணிக்கை ஊதிக்கிடக்கிறது என்றார்கள். பெரும்பாலும் பதிவுக் கோளாறுதான் என்றது பின்னர் வந்த விசாரணை. இருக்கட்டும். எங்கள் கவுண்டரில் நூறு ரூபாய் இடித்தாலே ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது.

பிலாண்டோ காஸ்டில் 2016-இல் மினசோட்டாவில் காரில் வைத்துச் சுடப்பட்டபோது, அதற்கு முன் 13 ஆண்டுகளில் குறைந்தது 46 முறை நிறுத்தப்பட்டிருந்தார். பள்ளிக்கூடச் சமையலறைப் பணியாளர். மேலே சொன்ன சதவீதங்களுக்குள் இருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்.

நமக்கும் அவர்களுக்கும் தொடர்பு பழையது. பூலே 1873-இல் தன் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குச் சமர்ப்பித்தார். அம்பேத்கர் 1946-இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் பிளாக் பாந்தர் பெயரை எடுத்துத் தலித் பாந்தர் தோன்றியது. பெயரை எடுத்தோம், கோபத்தை எடுத்தோம். டுபாய்ஸ் பிலடெல்பியாவில் வீடு வீடாகப் போய் எண்ணிய அந்த எண்ணலை எடுத்தோமா?

சாதி தோலில் தெரியாது என்பார்கள். தெரியாததால்தான் 'எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வி. என் வண்டியில் நீல ஒட்டுப்படம் இருந்த வருஷம் என்னை நிறுத்தியது அதிகம், கிழிந்து போனபின் குறைவு. இது ஒருவனுடைய அனுபவம், கணக்காகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் அய்ந்தில் ஒருவர் பட்டியல் சாதி. 2011 மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். சாலைக்கும் சிறைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஏடு எங்கே?

'அப்ப சோதனைச் சாவடியில சாதியக் கேட்டு எழுதச் சொல்றியா' என்று தோழர்கள் பாய்வது கேட்கிறது. பயம் நியாயமானது. 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தில் எழுதப்பட்ட பெயர்கள் யாரை வேட்டையாடின என்பதை நாம் மறக்கவில்லை. அந்தப் பேனாவைப் போலீஸ் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. லாம்பர்த் போலீசிடம் அனுமதி கேட்டா சாலையோரம் உட்கார்ந்தார்? நிறுத்தப்படுகிறவர்களை நாமே எண்ணலாம், விருப்பப்பட்டவர்கள் தங்கள் சாதியை நம்மிடம் சொல்லட்டும். போலீஸ் எண்ண வேண்டியது தன்னை. இந்த மாதம் எத்தனை வண்டி நிறுத்தினீர்கள், எத்தனைக்கு அபராதம், ஒன்றும் கிடைக்காமல் எத்தனை பேரை அனுப்பினீர்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த மூன்று கேள்வியைக் கேட்கப் பத்து ரூபாய் போதும்.