பழி தீர்ந்ததா? பழி வளர்ந்ததா?

"ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பி அடித்தால்தான் எதிரி அடங்குவான்" என்று வீரம் பேசுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அடங்கினானா எதிரி? அதைத்தான் நாம் கேட்கிறோம். விடையை வரலாற்று ஏட்டிலேயே தேடுவோம், தோழர்களே!

1953 அக்டோபர் 12. இஸ்ரேலில் யெகூத் என்னும் ஊர். இரவில் ஒரு வீட்டுக்குள் கையெறிகுண்டு வீசப்பட்டது. ஒரு தாயும் அவள் குழந்தைகள் இருவரும் மாண்டனர். கொடுமை, பெருங்கொடுமை. வீசியவர்கள் எல்லை தாண்டி வந்தவர்கள் என்றனர். குற்றவாளிகளைத் தேட உதவுகிறோம் என்றது ஜோர்தான்.

பொறுத்தார்களா? இரண்டே நாள்! 14ஆம் நாள் இரவு, ஏரியல் ஷரோன் தலைமையில் '101' என்ற அதிரடிப் பிரிவு, பாராசூட் படையினரோடு புறப்பட்டது. அன்று ஜோர்தான் ஆட்சியிலிருந்த மேற்குக் கரையின் கிப்யா சிற்றூருக்குள் புகுந்தது. 45 வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 69 உயிர்கள் பலி. பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

குண்டு வீசியவன் எவனோ. இடிபாட்டில் மடிந்தது ஏதுமறியா ஏழைகள்! இதுவா நீதி?

பிரதமர் பென்-குரியன் என்ன சொன்னார்? இராணுவம் போகவில்லை, எல்லையோர மக்கள் ஆத்திரத்தில் செய்துவிட்டார்கள் என்றார். வீரச்செயல் என்றால் மறைப்பானேன்?

நவம்பர் 24இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை வன்மையாகக் கண்டித்தது. அந்தத் தீர்மானத்தின் எண்ணும் 101! எண் பொருந்திற்று, நீதி பொருந்தவில்லை. தளபதி தண்டனை பெற்றாரா? பதவி பெற்றார், 2001இல் பிரதமராகவே ஆனார்.

சரி, எதிரியாவது அடங்கினானா? 1955 பிப்ரவரி 28இல் காசாவில் எகிப்துப் படைமுகாம் தாக்கப்பட்டது. எகிப்தின் தரப்பில் 38 பேர் மாண்டனர். அஞ்சினாரா நாசர்? ஆயுதம் தேடினார்! மேற்கு நாடுகளிடம் கிடைக்காததை, செக்கோஸ்லோவாகியா வழியாகச் சோவியத்திடம் வாங்கப்போவதாகச் செப்டம்பரில் அறிவித்தார். சூயஸ் கால்வாய்ச் சிக்கலும் சேர்ந்துகொள்ள, 1956 அக்டோபரில் போரே மூண்டது.

அமைதிக்காக அடித்தோம் என்றார்கள். அடி ஆயுதப் போட்டியாயிற்று, போட்டி போராயிற்று.

பழி என்பது கந்துவட்டிக் கடன், தோழர்களே! கட்டக் கட்ட வளருமேயன்றித் தீராது. அந்தக் கடனை வாங்குகிறவன் கோட்டையில் இருக்கிறான். வட்டி கட்டுகிறவனோ குடிசையில் கிடக்கிறான். கிப்யாவும் யெகூதும் நமக்குச் சொல்வது அதுதான். பழிவாங்கும் படையெடுப்புக்கு எந்த நாட்டில் பறை முழங்கினாலும், முதலில் கேளுங்கள்: வட்டி கட்டப்போவது யார்?