ஆச்சி இருக்கிற வீடு

மேலகரம் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை முதலில் தேடுவது ஆச்சியைத்தான். அம்மா மடியில் பீடித்தட்டு. ஊறிய இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிறவளுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. அப்பா கேரளத்திலோ வளைகுடாவிலோ இருப்பார். தென்காசி வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் புதிதல்ல. ‘ஏட்டி, மொகம் ஏன் வாடிக் கெடக்கு?’ என்று கேட்க அங்கே ஓர் ஆள் உண்டு.

‘அப்பன் பக்கத்துல இல்லாத பிள்ளை எப்படி வளருமோ’ என்று ஊர் பேசும். அது பிள்ளையின் காதிலும் விழும்.

சிறுவயதில் எது பிள்ளையை உண்மையில் பாதிக்கிறது என்று ஓர் ஆய்வு கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமன் சிகிச்சைப் பிரிவு நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். காரணம் கேட்கப் போனால், பலரின் பேச்சு சிறுவயதில் பட்ட கொடுமையில் போய் நின்றது. பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் 9,508 பேரிடம் 7 வகைக் கொடுமைகளைப் பற்றிக் கேட்டு, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு கூடியிருந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது இளவயதில்தான்.

அந்த ஏழில், அப்பா தூரதேசத்தில் வேலை பார்ப்பது இல்லை. குடிக்கு அடிமையானவர் வீட்டில் இருப்பது இருக்கிறது. அம்மா அடிவாங்குவது இருக்கிறது. பெற்றோர் பிரிவுகூடப் பின்னால் சேர்க்கப்பட்டதுதான். தாத்தா, சித்தப்பா என்று ஆள் நிறைந்த வீடும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிற பிள்ளையைப் பற்றி ஊர் இப்படிப் பேசுவதில்லை. அப்பன்தான் பக்கத்திலேயே இருக்கிறானே!

அப்பாவைக் காணாத ஏக்கம் பொய் என்றாகாது. அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மடி கிடைத்ததா என்பதே பெரிய கேள்வி. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்தார். வறுமையும் சண்டையும் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறி வந்தார்கள். சிறுவயதில் நம்பிச் சாய ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். சிலருக்கு அது பாட்டி.

நம் ஊர் ஆச்சிக்கும் வயதாகிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருகிற ஊழியர் ஆச்சியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த வீட்டுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ‘நாந்தான்’ என்று பதில் வந்தால், அந்த மாத்திரை ஒருநாளும் தவறாதபடி பார்த்துக்கொள்ளட்டும். பேத்திக்கு இருபது வயதாக இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.